அரைக் கட்டை

பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவில்
எனக்குக் காது அடைக்கும்.
எச்சில் விழுங்கினாலும் மூக்கைப் பொத்தி ஊதினாலும்
ஏற்காடு தாண்டி நாகலூரில் இறங்கினாலும்
திறக்காது.
பள்ளிக்கூட மணி எனக்கு மட்டும்
தண்ணீருக்கடியில் அடிக்கும்.

இந்தக் காதை வைத்துக்கொண்டுதான்
பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன்.
வாரம் மூன்று அரைநாள்.
சம்பளத்தை இங்கே எழுதினால்
வரி கோணிக்கொள்ளும்.

ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரே அறை.
நாற்பத்தொரு பிள்ளைகள்.
'ச' என்றால்
நாற்பத்தொரு ச.
மெதுவாக என்றால்
உதடு மட்டும் அசையும்.
கத்துவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே
அவர்களுக்கு ஒரு படிகூடக் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம்
நாலாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்தும் எட்வின் சார்
டஸ்டரால் இரண்டு தட்டுத் தட்டுவார்.
மூன்றாவது தட்டைப் போடுவாள் சுகப்பிரியா,
பெஞ்சின் மேல், டிபன் மூடியால்.
தாளம் தப்பாது, பாவி.

ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது.
பனிக்காலத்தில் அதன் 'க' ஊறிப்போய்
அமுக்கினால் எழாது, எழுந்தால் அடங்காது.
துருத்தியிலிருந்து காற்றும்
ஒருமுறை ஒரு பல்லியும் வந்தன.
அதனால் போனில் தம்புரா.
நடுவில் கேஸ் கம்பெனிக்காரர் கூப்பிடுவார்.
என் ரிங்டோனைப் பிள்ளைகள்
ஒரே தடவையில் பிசகாமல் பாடிவிட்டார்கள்.
சரளி வரிசை
மூன்று வாரமாக முதல் வரியிலேயே.

லிங்கேஷுக்கு ஒரே ஸ்வரம்.
ஏறச் சொன்னாலும் இறங்கச் சொன்னாலும்
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மாதிரி
நின்ற இடத்தில் நிற்பான்.
"நீ மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கோடா"
என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.
மூடிக்கொண்டான்.
இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.
அன்று பஸ்ஸில் இறங்கும்போது
முதல் வளைவு வரைக்கும் எனக்குக் காது அடைக்கவில்லை.
அடைத்திருக்கலாம்.

கார்த்திகையில் நாலு நாள் மழை.
கரன்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது.
மூட்டம் கதவு வழியாக வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டது.
என் காது வேறு.
"லிங்கேஷ், உன் ச-வைப் பிடி. விடாதே."
சந்தேகமாகப் பார்த்தான். பிறகு பிடித்தான்.
அவனுக்கு மூச்சு முட்டியபோது
பக்கத்திலிருந்த பொன்னுரங்கன் அதே இடத்தில் ஏந்தினான்,
பிறகு இவன், பிறகு அவன்.
மற்றவர்கள் அதன்மேல் கால் வைத்து
ம வரைக்கும் ஏறினார்கள்.
ப வழுக்கிவிட்டது.

டீச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதையும்
அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.
"யார் விலகினாலும் நீங்களே சொல்லுங்க."
கத்திக்கொண்டே காவல் பார்க்க முடியாது என்று
யாரோ கண்டுபிடித்து அடுத்தவன் காதில் சொன்னதுபோல
குரல்கள் ஒவ்வொன்றாய்த் தணிந்தன.
கூரையில் மழை
அப்போதுதான் கேட்டது, அவர்களுக்கு.

தையில் காபிப் பழம் பறிப்பு.
பாதி பெஞ்சு காலி.
தம்பியைப் பார்த்துக்கொள்ள
லிங்கேஷ் எஸ்டேட் லைனிலேயே நின்றுவிட்டானாம்.
போன் முழு சார்ஜில் இருந்தது.
தம்புராவைப் போட்டேன், எப்போதும்போல ஐந்து கட்டை.
யாரும் பாடவில்லை.

சுகப்பிரியா எழுந்தாள்.
"டீச்சர், இது லிங்கேஷ் சுதி இல்ல.
கொஞ்சம் மேல இருக்கு."
மற்றதுகளும் தலையாட்டின,
தக்காளி விலை கூடுதல் என்று
சந்தையில் நகரும் பெண்களின் முகத்தோடு.

எனக்குக் காது அடைத்தே இருந்தது.
திரையை விரலால் இழுத்தேன்.
நாலரையில்,
"அங்கதான் டீச்சர், நிறுத்துங்க."

எட்வின் சார் இரண்டு தட்டுத் தட்டினார்.
மூன்றாவது வரவில்லை.
அவள் பாடிக்கொண்டிருந்தாள்.